குறைந்த பட்ஜெட்டில் ஸ்போர்ட்ஸ் கார்: பழையதா, புதியதா? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் கேட்கிறார்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்காக வந்து சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். குழப்பம் ஒன்றேதான். கையில் இருக்கும் பணத்துக்குப் பெயர் பெற்ற பழைய வண்டியை வாங்குவதா, வயது குறைந்த சின்ன வண்டியை வாங்குவதா?

பழையது, புதியது என்று எதைச் சொல்கிறீர்கள்?

நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். 2005 வரை வந்தவை பழையவை. பிஎம்டபிள்யூ இ36, இ46, முதல் இரண்டு தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, ஹோண்டா எஸ்2000 எல்லாம் இதில் வரும். பெரும்பாலும் டர்போ கிடையாது, கணினிகள் குறைவு, நல்ல மெக்கானிக் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். 2006 முதல் 2013 வரை வந்தவற்றை நடுவயது வண்டிகள் என்பேன். நேரடி பெட்ரோல் பீய்ச்சலும் டர்போவும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் அப்போதுதான் சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்களில் பரவின. 2014க்குப் பிறகு வந்தவை புதியவை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே கார் என்றால் புதியது வாங்குங்கள். இன்னொரு கார் இருக்கிறது, இது ஆசைக்கு மட்டும் என்றால் நன்றாகப் பராமரித்த பழையது வாங்குங்கள். நடுவயது வண்டிகள்தான் ஆளை மயக்கும். குதிரைத்திறன் அதிகமாக இருக்கும், விலை பாதியாக இருக்கும், பணம் கரைவதும் அங்கேதான்.

என்னிடம் 2 லட்சம் ராண்ட் இருக்கிறது. முழுவதையும் வண்டிக்கே போடலாமா?

வேண்டாம். புதிய பிரிவு என்றால் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக வையுங்கள். பழையது என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது 2 லட்சம் இருப்பவர் 1,60,000க்கு ஒரு ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியைத் தேடலாம், அல்லது 1,30,000க்கு நல்ல இ46ஐத் தேடலாம். மீதி முதல் வருடச் செலவுக்கு. நான்கு டயர், பிரேக் டிஸ்க், கேம்பெல்ட், குளிரூட்டும் அமைப்பின் குழாய்கள் என்று வரிசையாக வரும். முன்பு வைத்திருந்தவர் கடைசி ஒரு வருடம் எதையும் மாற்றியிருக்க மாட்டார், விற்கப்போகும் வண்டிக்கு யாரும் செலவு செய்வதில்லை. அந்தத் தொகை கையில் இல்லாவிட்டால் ஒரு படி கீழே இறங்கி வாங்குங்கள். செலவு செய்து ஓட்ட முடிகிற ஃபோக்ஸ்வேகன் போலோ, கொட்டகைக்குள் மூடி வைத்த பிஎம்டபிள்யூ எம்3ஐ விட எவ்வளவோ மேல்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். டொயோட்டா 86 மெதுவாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இந்த நாட்டில் கார் வாங்குபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இதுதான். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சின், தானாக இழுக்கும் காற்றை வைத்துத்தான் எரிபொருளை எரிக்க முடியும். 100 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு சதவீத சக்தி போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டொயோட்டா 86க்குக் காகிதத்தில் 147 கிலோவாட். டர்பனில் அது 147தான், சாண்ட்டனில் 120ஐ ஒட்டித்தான் இருக்கும். அதே வண்டி, அதே ஓட்டுநர், ஆனால் முந்திச் செல்ல எடுக்கும் நேரம் வேறு.

டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஹைவெல்ட் என்னும் உயர்நிலப் பகுதியில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐக்கு இவ்வளவு மவுசு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே கௌடெங்கில் இருப்பவர் பழைய, டர்போ இல்லாத வண்டியை வாங்கும்போது, டர்பனில் இருக்கும் மச்சான் சொன்ன அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைவில் திரும்பும் சுகத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் 86ம் எம்எக்ஸ்-5ம் அங்கேயும் இனிமையானவைதான். நேர் சாலையில் வேகம் வேண்டும் என்றால் டர்போவுக்குப் போங்கள்.

பெட்ரோலையும் கவனியுங்கள். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் உள்பகுதிகளில் 93 ஆக்டேன் கிடைக்கும். உயரத்தில் பழைய டர்போ இல்லாத எஞ்சின்கள் பல அதைத் தாங்கும். டர்போ எஞ்சினுக்கு 95தான் போட வேண்டும், ஒரு லிட்டருக்குச் சில சென்ட் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சின் தட்டும் சத்தம் (நாக்கிங்) வந்து கெட விடாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 93 போட்டுப் பழகிய கையோடு என்3 வழியாக டர்பனுக்கு இறங்கும்போது இதை மறந்துவிடுபவர்கள் நிறைய.

சரி, டர்பனில் இருப்பவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லையா?

இருக்கிறது, துரு. உப்புக் காற்றும் ஈரமும் பழைய இரும்பைத் தின்றுவிடும். மெரிபேங்க், புளஃப், அமன்சிம்டோட்டி பக்கம் வெளியிலேயே நின்ற வண்டியை வாங்கினால் கதவுக்குக் கீழே இருக்கும் சில், பின்சக்கர வளைவு, பேட்டரித் தட்டு, பூட் அடியில் ஸ்பேர் சக்கரம் இருக்கும் பள்ளம் ஆகியவற்றைத் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். எம்எக்ஸ்-5 என்றால் சில் பகுதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். துணிக்கூரையிலிருந்து தண்ணீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

எஞ்சின் கோளாறை எஞ்சின் மாற்றிச் சரி செய்யலாம். உடல் அரித்துவிட்டால் பேனல் பீட்டரிடம் செலவு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பழைய வண்டி வாங்க நினைக்கும் டர்பன்காரர்களுக்கு என் யோசனை, ப்ளூம்ஃபோன்டைன், ப்ரிட்டோரியா, கிம்பர்லி பக்கம் வாழ்ந்த வண்டியைத் தேடுங்கள். விமானத்தில் போய், ஓட்டிக்கொண்டு வருவதற்கு ஆகும் செலவு, சில் வெல்டிங் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நடுவயது வண்டிகளை ஏன் இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுகிறீர்கள்?

ஏனென்றால் நம் பையன்கள் விழுவது அங்கேதான். பிஎம்டபிள்யூ 135ஐ, 335ஐ இரண்டும் 225 கிலோவாட், இரட்டை டர்போ. இன்று ஒரு புதிய சின்ன ஹேட்ச்பேக் விலைக்குக் கீழே கிடைக்கும். அவற்றின் என்54 எஞ்சினில் உயர் அழுத்த பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், டர்போவின் வேஸ்ட்கேட் ஆகியவை பெயர் போன பலவீனங்கள். மின்சாரத் தண்ணீர் பம்ப் எப்போது நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லாது. 2010 வாக்கில் வந்த ஒற்றை டர்போ என்55 இதைவிட நிதானமானது.

கோல்ஃப் 5 ஜிடிஐயில் பெட்ரோல் பம்பைத் தள்ளும் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கிறது, கேம் ஃபாலோவர் என்பார்கள். அது தேய்ந்து ஓட்டையானால் கேம் ஷாஃப்ட்டையும் பம்பையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அந்த உதிரி பாகம் மலிவு, கழற்றிப் பார்க்க அதிக நேரமும் ஆகாது. அதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் பெரிய பில் கட்டினார்கள். கோல்ஃப் 6இல் அந்தக் கிண்ணம் பிரச்சினை தீர்ந்து, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பிரச்சினை வந்தது. அது விட்டுவிட்டால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், எஞ்சின் போயிற்று. புதிய வகை டென்ஷனர் போட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

2010இல் வந்த போலோ ஜிடிஐ, 1.4 லிட்டரில் டர்போவும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்தது, 132 கிலோவாட். ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் எண்ணெய் குடிப்பதும் பிஸ்டன் உடைவதும் அந்த எஞ்சினின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதோடு வந்த 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜியும், அதாவது ஃபோக்ஸ்வேகனின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும், தொல்லை கொடுக்கும். விலையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மினி கூப்பர் எஸ் 2007 மாடலும் அப்படித்தான், டைமிங் செயினும் தெர்மோஸ்டாட் கூடும் அடிக்கடி கேட்கும் பெயர்கள். போர்ஷே பாக்ஸ்டரில் 2008 வரை வந்த எஞ்சின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்ற ஒன்று உடைந்தால் முழு எஞ்சினும் போகும். 2009இல் வந்த திருத்திய மாடலில் அந்த பேரிங்கே இல்லை.

இவை எல்லாம் மோசமான வண்டிகள் என்று நான் சொல்லவில்லை. கோப்பு நிறைய ரசீது வைத்திருக்கும் ஒருவரிடமிருந்து வாங்கிய 335ஐ பல வருடம் நன்றாக ஓடும். ரசீது இல்லாத 335ஐயை என் சொந்தத் தம்பிக்கு வாங்கித் தர மாட்டேன்.

அப்படியானால் பழைய வண்டிகளில் கோளாறே இல்லையா?

இருக்கும், ஆனால் யூகிக்கக்கூடிய கோளாறு. இ46 330ஐயை எடுத்துக்கொள்ளுங்கள், 170 கிலோவாட், நேர் ஆறு சிலிண்டர், ப்ரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ரோஸ்லின் ஆலையில் 3 சீரிஸ் செடான்கள் செய்யப்பட்ட காலம் அது. அதில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப் மூன்றையும் ஒரே முறையில் மாற்றிவிட வேண்டும். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேனோஸ் அமைப்பின் சீல் தேயும். பின் சப்ஃப்ரேம் பொருந்தும் இடத்தில் தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் பட்டியல், எல்லாவற்றுக்கும் உதிரி பாகம் கிடைக்கும், தனியார் மெக்கானிக்கே செய்வார்.

டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐயையும் மறக்காதீர்கள். 1.8 லிட்டர், 141 கிலோவாட், ஆறு கியர் மேனுவல். 6,000 சுற்றைத் தாண்டியதும் எஞ்சினின் குரலே மாறும். பட்ஜெட் மிகக் குறைவாக இருப்பவருக்கு இதைவிட நேர்மையான வண்டி எனக்குத் தெரியாது. எண்ணெயை ஒழுங்காக மாற்றியவர் வைத்திருந்ததா என்று மட்டும் பாருங்கள்.

பழைய பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் முதலீடு என்கிறார்களே?

குஷேஷே என்று நாடே கூப்பிடும் இ30, அதிலும் தென்னாப்பிரிக்காவுக்கென்றே செய்த 325ஐஎஸ், பட்ஜெட் வண்டி என்ற காலம் போய்விட்டது. இ30இலேயே 333ஐ என்ற மாடலை வெறும் 204தான் செய்தார்கள், அதைப் பற்றி நாம் பேசவே வேண்டாம். முதலீடாக நினைத்து வாங்குபவர் அதை ஓட்டப் பயப்படுவார். கூடவே, சாதாரண இ30ஐ 325ஐஎஸ் மாதிரி அலங்கரித்து விற்பவர்களும் இருக்கிறார்கள், அடிச்சட்ட எண்ணைச் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

டர்பன் துறைமுகத்தில் ஜப்பான் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஸ்கைலைன் மலிவாக எடுக்க முடியாதா?

முடியாது. பயன்படுத்திய கார்களை இறக்குமதி செய்ய இந்த நாட்டில் பொதுவாக அனுமதி இல்லை. குடியேறி வருபவர் தன் சொந்தக் காரைக் கொண்டுவருவது, மிகப் பழைய சேகரிப்பு வண்டிகள் என்று சில விதிவிலக்குகளுக்கு மட்டும் அரசின் அனுமதிச்சீட்டு கிடைக்கும். துறைமுகத்தில் நீங்கள் பார்ப்பவை பக்கத்து நாடுகளுக்குப் போகிறவை. எப்படியோ எண் பலகை போட்டு உள்ளூரில் விற்கும் வண்டியை வாங்கினால், பிடிபடும் நாளில் வண்டியும் போகும், பணமும் போகும். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும், காரணம் இதுதான்.

கோட் 2, கோட் 3 என்கிறார்கள். என்ன வித்தியாசம்?

கோட் 1 புதிய வண்டி. கோட் 2 சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் பெரிய விபத்துக்குப் பிறகு மறுபடி கட்டியது. கோட் 3ஏ உதிரி பாகத்துக்கு மட்டும், கோட் 4 நிரந்தரமாகச் சிதைத்தது. கோட் 3 வண்டிக்கு வங்கிக் கடனும் காப்பீடும் கிடைப்பது கடினம், மறுபடி விற்பது அதைவிடக் கடினம். வேகமாக ஓட்டத்தானே ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறீர்கள்? வளைந்த சட்டத்தை நேராக்கியது யார், எப்படி என்று தெரியாத வண்டியில் 120இல் போவதை நான் ஏற்கமாட்டேன்.

பதிவுச் சான்றிதழில் இன்னொன்றையும் பாருங்கள். அதில் உரிமையாளர் என்று ஒரு பெயரும் டைட்டில் ஹோல்டர் என்று ஒரு பெயரும் இருக்கும். டைட்டில் ஹோல்டர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. வங்கியிடமிருந்து கடன் முடிக்கும் தொகைக்கான கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேரே வங்கிக்கே கட்டுங்கள். விற்பவர் கையில் கொடுக்க வேண்டாம், அவர் உறவினராக இருந்தாலும் சரி.

டீலரிடம் வாங்குவதா, தனி ஆளிடமா?

தனி ஆளிடம் விலை குறையும், பாதுகாப்பும் குறையும். டீலர் விற்கும் வண்டிக்கு 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். முதல் ஆறு மாதத்தில் குறைபாடு தெரிந்தால், பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சாதாரணத் தேய்மானம் இதில் வராது. டீலர் ஒரு குறையை எழுதிக் காட்டி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் குறைக்கும் பிறகு கேட்க முடியாது, ஆகவே கையெழுத்துக்கு முன் எல்லாப் பக்கத்தையும் படியுங்கள். தகராறு வந்தால் மோட்டார் தொழில்துறை குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

தொழிலாகச் செய்யாத தனி ஆள் விற்றால் இந்தச் சட்டம் வராது. ஃபூட்ஸ்டூட்ஸ், அதாவது இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்ற விதிதான். தெரிந்தே பெரிய கோளாறை மறைத்து ஏமாற்றினார் என்று நிரூபித்தால் மட்டும் வழி உண்டு, நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தனி ஆளிடம் வாங்கவே நான் விரும்புவேன். அதைப் பத்து வருடம் நேசித்து வைத்திருந்தவரிடம் அரை மணி நேரம் பேசினால் வண்டியின் கதை முழுக்கத் தெரிந்துவிடும். புதிய டர்போ வண்டிக்கு டீலரே சரி.

ரோட்வொர்தி சான்றிதழ் இருக்கிறது என்றால் வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகியவை சாலைக்குப் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்பதை மட்டும் அது சொல்லும். டர்போ நாளைக்கு நிற்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெக்ரா, ஏஏ போன்ற இடங்களில் வாங்குபவருக்காகத் தனியாகத் தொழில்நுட்பச் சோதனை செய்து தருவார்கள். அந்த மாடலையே பழுதுபார்க்கும் தனியார் மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. விற்பவர் சோதனைக்கு வண்டியைக் கொடுக்கத் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். வருவதற்கு முன் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். முதல் ஐந்து விநாடிச் சத்தத்தில் செயின் தளர்வு தெரியும். புகைக் குழாயில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் குளிர்விப்பு நீர் எஞ்சினுக்குள் போகிறது.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019ஆம் வருடம் 32ஆம் வாரம் செய்தது. நான்கு சக்கரத்திலும் நான்கு வெவ்வேறு மலிவு டயர் போட்டிருக்கும் ஸ்போர்ட்ஸ் கார், எஞ்சின் எண்ணெயிலும் மிச்சம் பிடித்தவருடையது. ரிம்மின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். நம் ஊர்ச் சாலைக் குழிகளில் தாழ்ந்த டயர் போட்ட ரிம் வளைவது சர்வசாதாரணம்.

டிஎஸ்ஜி வண்டியை மேட்டில் நிறுத்தி, மெதுவாக நகர்த்திப் பாருங்கள், பின்னால் ரிவர்ஸிலும். உதறினால் கிளட்ச் அல்லது கியரை மாற்றும் மெக்காட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செலவு காத்திருக்கிறது. 6 கியர் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாத பெட்டியை நம்பாதீர்கள்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

பழையதில் மேனுவல். புதியதில் உங்கள் விருப்பம். தினமும் எம்1, எம்7 நெரிசலில் ஊர்பவரிடம் மேனுவல்தான் சுகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வங்கிக் கடனில் வாங்கலாமா? பலூன் தவணை போட்டால் மாதத் தொகை குறைகிறதே?

பழைய வண்டிக்குப் பெரும்பாலும் கடனே கிடைக்காது, வங்கிகள் வண்டியின் வயதுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. புதிய பிரிவுக்குக் கிடைக்கும். 2,50,000 ராண்ட் கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 மாதம் என்றால் மாதம் 4,890 ராண்டை ஒட்டி வரும், மொத்த வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டும். 48 மாதத்தில் கட்டினால் மாதம் 6,580 ராண்ட், வட்டி 66,000 ராண்ட். மாதம் 6,580 கட்ட முடியாதவர் விலை குறைந்த வண்டியைப் பார்க்க வேண்டும்.

பலூன் வேண்டவே வேண்டாம். 3 லட்சம் ராண்ட் வண்டிக்கு 30 சதவீத பலூன் போட்டால் ஆறு வருடம் தவணை கட்டிய பிறகும் 90,000 ராண்ட் மொத்தமாக நிற்கும். அதற்குள் வண்டிக்கு வயதும் கூடியிருக்கும், கிலோமீட்டரும் கூடியிருக்கும். அந்த 90,000க்கு மறுபடி கடன் வாங்கி ஓட்டும் குடும்பங்களைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

மகனுக்கு 21 வயது. காப்பீட்டை என் பெயரில் போட்டால் குறையுமே?

அண்ணாச்சி, இதை மட்டும் செய்யாதீர்கள். வண்டியை வழக்கமாக ஓட்டுபவர் யார் என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். உங்கள் பெயரைச் சொல்லி மகன் ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில் கோரிக்கையை நிராகரிப்பார்கள். அதுவரை கட்டியது அத்தனையும் வீண், கடன் மட்டும் நிற்கும்.

இங்கே காப்பீடு கட்டாயம் இல்லை என்பதால் இல்லாமலே ஓட்டுபவர்கள் உண்டு. பெட்ரோல் வரியிலிருந்து நடக்கும் சாலை விபத்து நிதி, காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். நீங்கள் இடித்த அடுத்தவர் மெர்சிடிஸுக்கு உங்கள் பையிலிருந்துதான் போகும். ஜிடிஐயும் பிஎம்டபிள்யூவும் திருடர்களுக்குப் பிடித்த வண்டிகள் என்பதால் டிராக்கர் பொருத்தச் சொல்வார்கள், அதற்கும் மாதக் கட்டணம் உண்டு. ஆகவே வண்டியைப் பேசி முடிப்பதற்கு முன்பே, மாடலையும் ஓட்டுபவர் வயதையும் சொல்லி இரண்டு மூன்று இடத்தில் காப்பீட்டுத் தொகை கேளுங்கள். பல பேருக்கு எந்த வண்டி என்பதை முடிவு செய்வதே இந்தத் தொகைதான்.

பாதுகாப்பில் பழைய வண்டிக்கும் புதியதுக்கும் பெரிய வித்தியாசமா?

பெரிய வித்தியாசம். மழையில் ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது பின்சக்கரம் வழுக்கினால், புதிய வண்டியில் இருக்கும் நிலைப்படுத்தும் கணினி தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து நேராக்கும். பழைய எம்எக்ஸ்-5இலோ இ30இலோ நீங்கள்தான் செய்ய வேண்டும். அனுபவம் இல்லாத பிள்ளைக்குப் பின்சக்கர இழுவை உள்ள பழைய வண்டியை முதல் காராகக் கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் மன்றாடிக் கேட்கிறேன்.

டக்காட்டா ஏர்பேக்கையும் சொல்ல வேண்டும். 2000களின் பல பிஎம்டபிள்யூ, ஹோண்டா, டொயோட்டா வண்டிகளில் இருந்த அந்த ஏர்பேக்குகளின் உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிடும். உலகம் முழுக்க உயிர்கள் போயிருக்கின்றன. டர்பன் வானிலை அப்படிப்பட்ட வானிலைதான். இ46 வாங்கும் முன் அடிச்சட்ட எண்ணை பிஎம்டபிள்யூ டீலரிடம் கொடுத்து, ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். திரும்ப அழைப்பில் மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை.

பணம் அளவாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு வண்டியைச் சொல்லுங்கள்.

கடற்கரைப் பக்கம், வீட்டில் ஒரே கார் என்றால் 2013க்குப் பிறகு வந்த ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி. 134 கிலோவாட், மேனுவல் மட்டும், ஓட்ட ஓட்ட முகத்தில் சிரிப்பு வரும். 1.6 ஈக்கோபூஸ்ட் எஞ்சின் என்பதால் குளிர்விப்பு நீரின் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள், அது குறைந்தால் ஓட்டாதீர்கள். உயரத்தில் இருப்பவருக்கு கோல்ஃப் 7 ஜிடிஐ, 162 கிலோவாட், ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜி. தண்ணீர் பம்ப் கூட்டில் கசிவு மட்டும் பாருங்கள். அதற்கு எட்டாது என்றால் 2015இல் வந்த 1.8 போலோ ஜிடிஐ, மேனுவல் கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாவது காராக, டர்பனில், துரு இல்லாத எம்எக்ஸ்-5.

கம்பெனி கராஜில்தான் சர்வீஸ் செய்ய வேண்டுமா?

கட்டாயம் இல்லை. போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாரன்டி காலத்திலும் தனியார் பட்டறையில் சர்வீஸ் செய்யலாம், அதனால் மட்டும் வாரன்டி போகாது. ரசீதுகளையும் போட்ட எண்ணெயின் தர விவரத்தையும் பத்திரமாக வையுங்கள். ஒன்று, அந்தப் பட்டறை தவறு செய்து ஏதாவது கெட்டால் அதற்கு வாரன்டி பொறுப்பேற்காது, எனவே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வேகமாக ஓட்ட ஆசையாக இருக்கிறது. எங்கே போவது?

பொதுச் சாலையில் வேண்டாம். டர்பன்காரர்களுக்குப் போர்ட் ஷெப்ஸ்டோன் பக்கம் டெஸி ரேஸ்வே இருக்கிறது, கௌடெங்கில் ஸ்வார்ட்காப்ஸும் கயாலமியும் இருக்கின்றன. ட்ராக் நாளுக்கு உங்கள் காப்பீடு பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள்.

வாங்கியாயிற்று. முதல் மாதம் என்ன செய்வது?

கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூஜை போட்டு முடித்த கையோடு நேரே பட்டறைக்குப் போங்கள். எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் எண்ணெய், குளிர்விப்பு நீர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முன்பு மாற்றினேன் என்று விற்றவர் சொன்னாலும் மாற்றுங்கள். கேம்பெல்ட் எஞ்சின் என்றால், மாற்றிய ரசீது கையில் இல்லாத பட்சத்தில் அதையும் தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். உரிமை மாற்றத்தை 21 நாளுக்குள் முடியுங்கள், ரோட்வொர்தி சான்றிதழ் 60 நாளில் காலாவதியாகும். விற்றவரும் தன் பங்குக்கு உரிமை மாற்ற அறிவிப்பைக் கொடுத்தாரா என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அபராதச் சீட்டுகள் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.